‘மார்ஜினல் டோனர்’ கணையம் வந்தால் ஏற்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. சிறுவயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய்; இப்போது டயாலிசிஸில் இருக்கிறான். சிறுநீரகம், கணையம் இரண்டுக்கும் பதிந்து காத்திருக்கிறோம். ‘மார்ஜினல் டோனர்’ உறுப்பு வந்தால் சம்மதமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடலாம் என்றுதான் சொல்வேன். மார்ஜினல் என்றால் பழுதான உறுப்பு என்று பொருளில்லை. கொடையாளரின் வயது 45–50ஐத் தாண்டியிருந்தாலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 30க்கு மேல் போனாலோ, மூளைச்சாவில் அல்லாமல் இதயம் நின்ற பிறகு உறுப்பை எடுத்திருந்தாலோ அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். கவனமாகத் தேர்ந்தெடுத்தால், இதயம் நின்றபின் எடுத்த கணையமும் மற்றவற்றுக்கு ஈடாகவே வேலை செய்கிறது.

ஒரு குறை இருந்தால் நான் தயங்க மாட்டேன். குறைகள் கூட்டுச் சேர்ந்தால்தான் பயம். 55 வயது, உடல் பருமன், மூளையில் ரத்தக்கசிவால் மரணம், போதாக்குறைக்கு எடுத்த உறுப்பு பொருத்தும்வரை ஐஸில் 14 மணி நேரம் என்றால் வேண்டாம் என்பேன். ஐஸில் இருப்பது 12 மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. கணையத்தில் ரத்த ஓட்டமே மந்தம். அதனால் பொருத்திய முதல் சில நாட்களில் ரத்தக்குழாய் உறைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. மேலே சொன்னவை அதைக் கூட்டுகின்றன. உறைந்துவிட்டால் பெரும்பாலும் வயிற்றை மறுபடி திறந்து கணையத்தை எடுத்துவிட வேண்டியதுதான். கூடவே வைத்த சிறுநீரகம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கொடையாளரின் கணையத்தை எடைபோட மதிப்பெண் அட்டவணைகள் இருக்கின்றன. ஆனால் கடைசித் தீர்ப்பு அறுவை நிபுணரின் கண்ணிலும் விரலிலும்தான். நல்ல கணையம் தொட்டால் மிருதுவாக இருக்கும். கொழுப்பு மண்டியோ, நீர்கோத்து வீங்கியோ, கெட்டித்தோ இருந்தால் காகிதத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவோம். (வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒதுக்கிய கொழுத்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளைப் பிரித்தெடுப்பது சில சமயம் சுலபம்.)

காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. டைப் 1 நோயாளிக்கு டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்துக்குச் சுமை. சிறுநீரகம் நன்றாக இருந்து கணையம் மட்டும் தேவைப்படுபவர் என்றால், இன்னும் கறாராக இருங்கள் என்றிருப்பேன்.

இந்தக் கையெழுத்தால் எதுவும் முடிந்துபோவதில்லை. உறுப்பு வரும் ஒவ்வொரு முறையும் கொடையாளரின் வயது, எடை, ஐஸில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், அப்போதும் மறுக்கலாம். வெறும் வயிற்றோடு வரச்சொல்லி, கடைசி நிமிடத்தில் “கணையம் சரியில்லை” என்று திருப்பி அனுப்பினால் தம்பியைச் சோர்ந்துபோக விடாதீர்கள். கணையத்துக்குக் காத்திருப்பவர்களுக்கு அது சகஜம்.