அவரை என்னவென்று சொல்வது?

கேள்வி: ஆவணியில் எனக்கு நிச்சயம் முடிந்தது, தையில் கல்யாணம். ஓசூரில் வேலை. கம்பெனி பஸ்ஸில் 'யாருகிட்ட இவ்வளவு நேரம்' என்று கேட்டால் 'வுட்பி' என்பேன். அம்மாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை, 'வருங்காலக் கணவர்' என்றால், என்னோடு வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். தமிழில் வேறு சொல்லே இல்லையா?
- வாசகி, பாலக்கோடு

பதில்: இருக்கும்மா, உங்கள் அம்மா வாயிலேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது 'எம்பொண்ணக் கட்டிக்கப் போறவரு' என்றுதானே சொல்வார்? அதேதான். நீங்களும் 'நான் கட்டிக்கப் போறவர்' என்று தாராளமாகச் சொல்லுங்கள். 'வுட்பி' ஆங்கிலத்திலேயே இப்படித் தனியாக நிற்காது, இன்னொரு சொல்லுக்கு முன்னால் ஒட்டித்தான் வரும், அதுவும் பெரும்பாலும் 'ஆக ஆசைப்படுகிறவர்' என்ற பொருளில். தட்டு மாற்றி, நாள் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்த பிறகு அது எப்படிப் பொருந்தும்? உங்களோடு பஸ்ஸில் வரும் தெலுங்குப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், 'காபோயே பர்த்தா' என்பார்கள். ஆகப்போகிற கணவர், அவ்வளவுதான், அதைச் சொல்ல அவர்கள் கூச்சப்படுவதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு ரொம்ப நாளாக உறுத்துவது. வெற்றிலை பாக்கு மாற்றிய நிமிடத்திலிருந்து அவர் ஊருக்கே 'மாப்பிள்ளை' ஆகிவிடுகிறார், நீங்கள் மட்டும் அதே 'பொண்ணு'. காரிமங்கலத்தில் என் அக்கா நிச்சயத்தின்போது பந்தியில் 'மாப்பிள்ளைக்கு இன்னொரு ஒப்பட்டு வைங்க, நெய் ஊத்துங்க' என்று நாலு பேர் ஓடினார்கள், அக்காவைப் பற்றி வந்த ஒரே பேச்சு 'பொண்ணு சாப்புட்டுச்சா?' அவ்வளவுதான். அதனால் அவரிடமும் சொல்லிவையுங்கள், நண்பர்களிடம் உங்களைப் பற்றிப் பேசும்போது 'நான் கட்டிக்கப் போறவங்க' என்று அந்த 'ங்க'வோடு சொல்லட்டும்.

கேள்வி: 'காதலர்' என்று சொன்னாலே வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அது அவ்வளவு மோசமான சொல்லா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: இல்லவே இல்லை. திருக்குறள் இன்பத்துப்பாலில் களவியல் 7 அதிகாரம், கற்பியல் 18 அதிகாரம். களவியல் என்பது கல்யாணத்துக்கு முந்தைய காதல், கற்பியல் என்பது கல்யாணத்துக்குப் பிந்தைய வாழ்க்கை. அங்கேதான் 1185வது குறளில் ஒரு மனைவி, பிரிந்து போகும் தன் கணவனைக் காட்டி 'உவக்காண்எம் காதலர் செல்வார்' என்கிறாள், அதோ என் காதலர் போகிறார், இதோ என் உடம்பில் பசலை, அதாவது பிரிவுத் துயரில் வரும் நிறமாற்றம், படர்கிறது என்று. தாலி கட்டிய பிறகும் அவர் அவளுக்குக் காதலர்தான். தொல்காப்பியம் காதலிக்கிற இருவரையும் 'கிழவன், கிழத்தி' என்கிறது, உரியவன், உரியவள் என்று பொருள். ஆனால் அதை இன்றைக்கு வீட்டில் சொல்லிவிடாதீர்கள், வயசானவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். 'காதலர்' போதும்.