புது அணையில் பிடித்த மீனில் பாதரசம் எப்படி வருகிறது?

தொழிற்சாலையே இல்லாத காட்டில் அணை கட்டினாலும் இது நடக்கும், காரணம் மூழ்கிய மண்தான். நிலக்கரிப் புகையோடு காற்றில் வந்த பாதரசம் மண்ணிலும் இலைதழையிலும் ஏற்கெனவே கொஞ்சம் படிந்திருக்கும். தண்ணீர் நின்றதும் செடிகொடி அழுகி, ஆக்சிஜன் குறைந்து, அங்கே பெருகும் பாக்டீரியா அதை மெத்தில் பாதரசமாக, அதாவது உடம்பில் தங்கி நரம்பைக் கெடுக்கும் வடிவமாக மாற்றிவிடும். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் நுண்ணுயிர் வேலைதான், என்ன, இது விஷம். அப்புறம் புழு, சின்ன மீன், பெரிய மீன் என்று ஏறிக்கொண்டே போகும்.

கனடாவின் கியூபெக்கில் 1970களின் கடைசியில் லா கிராந்த் ஆற்றுப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தபோது, மீனை நம்பியிருந்த கிரீ பழங்குடியினர்தான் மாட்டிக்கொண்டார்கள். பெரிய வேட்டை மீன்களில் அளவு பழையபடி இறங்க 20, 30 ஆண்டுகள் பிடித்தன.

நன்றாகக் கழுவி வறுத்தால் போய்விடும் என்பார்கள். போகாது, அது சதையிலேயே இருக்கிறது.