பல்லும் தின்பண்டமும்: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி (ஆற்காடு): எங்கள் வீட்டில் மக்கன் பேடா தீர்ந்ததே இல்லை. தினம் ஒன்று தின்றால் பல் கெட்டுவிடுமா?

பதில்: ஒரு பேடாவைச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் தின்று வாய் கொப்பளித்துவிட்டால் கேடு குறைவு. அதையே நான்காகப் பிட்டு, காலை முதல் மாலை வரை போகும்போதும் வரும்போதும் ஒரு விள்ளல் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு விள்ளலுக்கும் பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (அமிலம் ஏற ஏற இது இறங்கும்) 5.5க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த அவகாசம் கிடைக்காத பல்லில்தான் சொத்தை விழுகிறது. இரவு பல் துலக்கிய பிறகு மட்டும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடும்.

கேள்வி (குடியாத்தம்): வெள்ளைச் சர்க்கரையை விட்டு வெல்ல டீக்கு மாறிவிட்டோம். இனிப் பயமில்லையே?

பதில்: பயம் அப்படியேதான் இருக்கிறது. வெல்லத்திலும் பெரும்பகுதி, வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

கேள்வி (காட்பாடி): மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. என் தாத்தா வெல்லம் தின்றே வளர்ந்தவர். எண்பது வயதிலும் கரும்பு கடித்தார்.

பதில்: உங்கள் தாத்தாவின் பல்லை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் காலத்தில் வெல்லம் பொங்கலுக்கும் பண்டிகைக்கும்தான் பெரும்பாலும் வாய்க்கு வந்தது. நாளுக்கு ஐந்து டீ, இடையில் பிஸ்கட், பள்ளி விட்டதும் குளிர்பானம் என்ற வழக்கம் அன்று இல்லை. வெல்லத்தில் சிறிது இரும்புச்சத்து உண்டு என்பது உண்மை. அதனால் கிருமி அமிலம் சுரக்காமல் இருந்துவிடாது.

கேள்வி (ஆம்பூர்): அப்படியானால் கருப்பட்டி?

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி வருகிறது. மேலேயுள்ள இரண்டு பதில்களையும் தயவுசெய்து படியுங்கள். கருப்பட்டிக்கும் அவையே பொருந்தும்.

கேள்வி (வாணியம்பாடி): இரண்டு வயதுக் குழந்தை பால் புட்டியோடுதான் தூங்குகிறது. மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகிவிட்டன. கீழ்ப்பற்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. ஏன்?

பதில்: சப்பும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்கிறது, பால் முழுவதும் மேல்வரிசையில் தேங்கி நிற்கிறது. புட்டியில் சர்க்கரை கலந்தால் கேடு இன்னும் வேகமாகும். பாலைத் தூங்கும் முன்பே டம்ளரில் கொடுத்து, அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசையால் நீங்களே துலக்கிவிடுங்கள். பால்பல் எப்படியும் விழப்போகிறது என்று விட்டுவிடாதீர்கள்: சொத்தை வலித்தால் குழந்தை சோற்றை மெல்லாது, பல் முன்கூட்டியே விழுந்தால் நிரந்தரப் பல்லின் வரிசையும் கோணலாகலாம். இந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (அணைக்கட்டு): ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்கிறார்களே, குச்சி போதாதா?

பதில்: நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிய குச்சி அழுக்கை எடுக்கும்; இரவில் ஃபுளோரைடு பற்பசையும் வேண்டும். கரித்தூளும் செங்கல் தூளும் எனாமலைத் தேய்த்துவிடும்.

கேள்வி (பேரணாம்பட்டு): சாப்பிட்டபின் பாக்கு மெல்வது செரிமானத்துக்குத்தானே? சில மாதங்களாகக் காரம் பட்டால் வாய் எரிகிறது.

பதில்: பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்குக்கும் இது பொருந்தும். கண்ணாடி முன் நின்று, நடு மூன்று விரல்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் கன்னத்தின் உட்புறம் இறுகத் தொடங்கியிருக்கலாம். நுழைந்தாலும் எரிச்சல் இருப்பதால், பாக்கை இன்றே நிறுத்திவிட்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குச் செல்லுங்கள்.