வயிறு சிறுத்த பிறகு பசி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் உணவைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று கேட்டிருந்தேன். மாத்திரை, தழும்பு, செலவு ஆகிய எல்லாவற்றையும் விடப் பசியைப் பற்றித்தான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். பசியே இல்லை என்று ஒருவர் அஞ்சுகிறார். பசி திரும்பிவிட்டது என்று இன்னொருவர் வெட்கப்படுகிறார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே உள்ளவை பொதுவான வழிகாட்டல்கள். உங்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவக் குழு வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், உங்கள் உடலை நேரில் பார்த்த அவர்கள் சொல்லையே பின்பற்றுங்கள்.

ஸ்லீவ் அறுவை சிகிச்சை முடிந்து பத்து வாரங்கள் ஆகின்றன. பசியே எடுப்பதில்லை. வேலைக்குப் போனால் மாலை வரை சாப்பாட்டு நினைப்பே வருவதில்லை. எடை வேகமாக இறங்குகிறது. இது நல்லதுதானே அம்மா? – வாசகி, செங்காங்

பசி எடுக்காமல் இருப்பது இயல்பு. சாப்பிடாமல் இருப்பது நல்லதல்ல. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்கு, சிலருக்கு அதற்கும் சற்று மேலாகவே, நீளவாக்கில் வெட்டி எடுக்கப்படுகிறது. அப்படிப் போகும் பகுதியில் இரைப்பையின் மேற்புறக் குவிந்த பகுதியும் அடங்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரப்பது அங்கேதான். 1999ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த இந்த ஹார்மோனின் அளவு, அந்தப் பகுதி நீங்கியதும் ரத்தத்தில் சட்டென்று குறைந்துவிடுகிறது. ஆகவே சாப்பாட்டு நேரத்தை இப்போதைக்கு உங்கள் வயிறு சொல்லாது. கடிகாரம்தான் சொல்ல வேண்டும். கைப்பேசியில் ஐந்து வேளைக்கு மணி அடிக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

புரதம் போதாவிட்டால் உடல் கொழுப்பை மட்டுமல்லாமல் தசையையும் சேர்த்தே கரைக்கும். தராசில் எண் இறங்குவதைப் பார்த்து மகிழும்போது, இறங்கியது எது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்பது வழிகாட்டல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு சிறு குவளைப் பாலில் 6 அல்லது 7 கிராம், சமைத்த மீன் 50 கிராமில் ஏறக்குறைய 11 கிராம் இருக்கும். இப்போதைய உங்கள் வயிற்றுக்கு ஒரு வேளையில் இதற்கு மேல் கொள்ளாது என்பதால்தான், ஒரு வேளை தவறினாலும் அன்றைய கணக்கை ஈடுகட்ட முடியாமல் போகிறது. மருத்துவக் குழு பரிந்துரைத்த புரதப் பொடி இருந்தால், இந்த மாதங்களில் அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் சீப்பில் முடி கொத்தாக வரக்கூடும். பலருக்கு இது தானாகவே நின்று, முடி மீண்டும் வளரும். புரதமும் இரும்புச் சத்தும் குறைந்தால் உதிர்வது நீளும்.

பதினான்கு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 31 கிலோ குறைந்தது. இப்போது மாலையில் பசி பிடுங்குகிறது; கடந்த இரண்டு மாதங்களில் 2 கிலோ கூடிவிட்டது. வயிறு மறுபடி விரிந்துவிட்டதா? எல்லாம் வீணாகிவிட்டதா? – வாசகர், ஜூரோங் வெஸ்ட்

வீணாகவில்லை. முதல் ஆண்டு முடிந்த பிறகு பசி மெல்லத் திரும்புவதும், இரண்டாம் ஆண்டில் எடை ஓரிடத்தில் நின்று சற்றுக் கூடுவதும் மிகப் பலருக்கு நேர்வதுதான். இழந்த எடையை மீட்டுக்கொள்ள உடல் தன் வழியில் முயல்கிறது. மன உறுதி குறைந்துவிட்டது என்பது அதன் பொருளல்ல. நல்ல முறையில் செய்யப்பட்ட வயிறு ஒரு வாரம் அதிகமாகச் சாப்பிட்டதால் விரிந்துவிடாது.

முதலில், அந்த மாலைப் பசி எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். மெல்ல ஏறி, எந்த உணவைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வது வயிற்றுப் பசி. திடீரென்று வந்து, குறிப்பிட்ட ஒரு பண்டத்தை மட்டும் கேட்பது பெரும்பாலும் களைப்பு, சலிப்பு, மனச்சுமை ஆகியவற்றிலிருந்து எழுவது. நான் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்விதான்: 'இப்போது ஓர் அவித்த முட்டையும் கொஞ்சம் கீரையும் கொடுத்தால் சாப்பிடுவேனா?' ஆம் என்றால் சாப்பிடுங்கள், அது உண்மையான பசி. முறுக்குதான் வேண்டும் என்று மனம் சொன்னால், ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு, புளோக்கைச் சுற்றி ஒரு நடை போய் வந்து மறுபடி கேளுங்கள். தாகமும் பசிபோலவே தோன்றுவதுண்டு; நம் சிங்கப்பூர் வெயிலில் குளிர்சாதன அறையிலேயே நாள் முழுதும் இருப்பவர்கள் தண்ணீரை மறந்துவிடுகிறார்கள்.

முறுக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களைப் போலவே கவலையோடு வந்த ஒருவரிடம், முந்தைய நாள் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னேன். மூன்று வேளைச் சாப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை. தாளின் ஓரத்தில் மட்டும் சிறிய எழுத்தில், 'தேநீருடன் முறுக்கு, நான்கு மணி முதல் ஆறு மணி வரை' என்று இருந்தது. தேநீரில் நனைந்து மாவாகிவிடும் முறுக்கு, பிஸ்கட், கேக் போன்றவை சிறுத்த வயிற்றில் தங்குவதில்லை, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகின்றன. நெஞ்சு நிறையாது, நிறுத்தச் சொல்லும் உணர்வும் வராது. இரண்டு மணி நேரத்தில் ஒரு முழுச் சாப்பாட்டுக்கு இணையான கலோரிகள் உள்ளே போயிருக்கும். அவர் நான்கு மணிக்கு வறுத்த தவ் குவா (கெட்டியான சோயாக் கட்டி) இரண்டு துண்டுகளும் வெள்ளரிக்காயும் சாப்பிடத் தொடங்கினார். தேநீரை அரை மணி நேரம் கழித்துத் தனியாகக் குடித்தார். மாலைப் பிடுங்கல் ஒரு வாரத்திலேயே தணிந்ததாகச் சொன்னார்.

தூக்கத்தையும் கவனியுங்கள். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்குப் பசி கூடுவது கற்பனை அல்ல. தூக்கம் குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன. இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் எடை ஏறிக்கொண்டே போனால், அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். பசியைக் கட்டுப்படுத்தும் ஊசிமருந்துகளை அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சேர்த்துப் பயன்படுத்துவதுண்டு. அந்த உதவியைக் கேட்பது தோல்வியல்ல.

என் மகளுக்கு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. நாலு வாய் சோறுகூடச் சாப்பிடாமல் எழுந்துவிடுகிறாள். சோறு தொண்டையில் நிற்கிறதாம். தாய்க்கு மனசு கேட்கவில்லை. என்ன சமைத்துக் கொடுக்கலாம்? – வாசகி, ஈசூன்

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது அம்மா. ஆனால் நாலு வாய் சோற்றை அவர் விட்டுவிடட்டும். நாலு வாய் மீனை மட்டும் விட விடாதீர்கள். குழைந்த சோறும் மென்மையான ரொட்டியும் வயிற்றுக்குள் உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். காய்ந்த கோழித் துண்டும் அப்படித்தான். அந்த நேரத்தில் நெஞ்சு இறுகி, வாயில் நுரைபோல் எச்சில் ஊறும். 'இன்னும் ஒரு வாய்' என்று அப்போது வற்புறுத்தக் கூடாது.

பெரிய தட்டை எடுத்து வைத்துவிட்டு, குழந்தைகளுக்குப் பருப்புச் சோறு ஊட்டும் அந்தச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை எடுங்கள். அதில் முதலில் குழம்பு மீனோ, உடைத்த முட்டையோ, கெட்டிப் பருப்போ இரண்டு மூன்று தேக்கரண்டி. அதன் மேல் நன்றாக வெந்த பூசணிக்காய், பீர்க்கங்காய் போன்ற காய் இரண்டு தேக்கரண்டி. இடமிருந்தால் கடைசியாக ஒரு தேக்கரண்டிச் சோறு. சிறிய கரண்டியால் எடுத்து, கூழாகும் வரை மென்று, இருபது முப்பது நிமிடம் ஆற அமரச் சாப்பிட வேண்டும். மீனைப் பொரிப்பதைவிடக் குழம்பில் வேகவிடுவது இறங்க எளிது. இட்லியைச் சாம்பாரில் ஊற வைத்துத் தந்தால் பலருக்கு ஒத்துக்கொள்கிறது. ஆனால் ஓர் இட்லியில் புரதம் மிகக் குறைவு என்பதால் அதையே ஒரு வேளை உணவாக எண்ண வேண்டாம். நீங்கள் தனியாக எதுவும் சமைக்க வேண்டியதில்லை. வீட்டுக் குழம்பு போதும், எண்ணெயும் காரமும் சற்றுக் குறைவாக.

வெளியே சாப்பிட வேண்டி வந்தால், உணவங்காடி நிலையத்தில் மீஹூன் (அரிசிச் சேமியா) இல்லாத மீன் சூப், பொரிக்காத தவ் குவாவும் மீனும் காயும் எடுத்துக்கொள்ளும் யோங் தவ் ஃபூ ஆகியவை நல்ல தேர்வுகள். பரோட்டாவை இன்னும் பல மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். எண்ணெய் ஒருபுறமிருக்க, அந்த மாவின் இழுவையைச் சிறுத்த வயிறு தாங்காது.

எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன். தீபாவளியன்று ஒரு குலாப் ஜாமூன் சாப்பிட்ட கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு கலக்கிப் படுத்துவிட்டேன். மாரடைப்போ என்று வீடே பயந்துவிட்டது. – வாசகி, தெம்பனிஸ்

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'டம்பிங்' என்று நாங்கள் அழைக்கும் நிலைபோல் தெரிகிறது. பைபாஸில் உணவு, இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தாண்டி நேரே குடலுக்குள் இறங்குகிறது. செறிந்த சர்க்கரை அப்படிச் சட்டென்று கொட்டும்போது, குடல் உடலிலிருந்து நீரை உள்ளே இழுக்கிறது. அதனால்தான் படபடப்பும் வயிற்றுக் கலக்கமும். இது சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடங்களுக்குள் வரும். படுத்து ஓய்வெடுத்தால் தணியும். நெஞ்சு வலி இருந்தாலோ தணியாவிட்டாலோ, டம்பிங்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது. சர்க்கரை வேகமாக ஏறியதைச் சமாளிக்க இன்சுலின் அதிகமாகச் சுரந்து, ரத்தச் சர்க்கரை மிகக் கீழே இறங்கிவிடும். கை நடுக்கமும் கடும் பசியும் உண்டாகும். அந்தப் பசிக்கு மறுபடி இனிப்பைத் தின்றால் அதே சுழற்சி தொடரும் என்பதால், இப்படி அடிக்கடி நேர்ந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். எடை குறையக் குறைய மருந்தின் அளவையும் மருத்துவர் குறைக்க வேண்டியிருக்கும்.

பானங்களையும் மறந்துவிடாதீர்கள். 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பொட்டலப் பானங்களில், சர்க்கரையையும் கொழுப்பையும் வைத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து இருக்கிறது. 'டி' என்றால் 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடும். காப்பிக்கடையில் 'தே சி கோசோங்' (சர்க்கரை சேர்க்காத பால் தேநீர்) என்று கேளுங்கள். வெறும் 'தே' என்றால் கெட்டிப்பால் சேர்ந்தே வரும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்? – வாசகர், பிடோக்

இடம் போதாது என்பது ஒரு காரணம். தண்ணீர் சேர்ந்தால் உணவு விரைவாக இறங்கி, நிறைவு உணர்வு சீக்கிரம் போய்விடும் என்பது இன்னொரு காரணம். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் பொறுங்கள். மற்ற நேரங்களில் மடக்கு மடக்காக நாளுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் விரதமிருந்து பால்குடம் எடுப்பேன். அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இந்த முறை எடுக்கலாமா? – வாசகி, அங் மோ கியோ

சைவ உணவு விரதமாக இருந்தால், புரதத்தை முன்கூட்டியே திட்டமிட்டுக்கொண்டு இருக்கலாம். தவ் குவா, தெம்பே (புளிக்க வைத்த சோயா), பருப்பு, தயிர், பால், உங்கள் விரத முறை இடம் கொடுத்தால் முட்டை, இவற்றோடு புரதப் பொடியும் சேர்ந்தால் கணக்கு நிறைந்துவிடும். ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதத்தை இந்த ஆண்டு வேண்டாம் என்றே சொல்வேன். மற்றவர்களால் அந்த ஒரு வேளையில் அன்றைய தேவையைச் சாப்பிட்டுவிட முடியும். உங்கள் வயிற்றால் முடியாது.

சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை நடக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. தாகம் எடுத்தபின் ஒரேயடியாகத் தண்ணீர் குடித்து ஈடுகட்டவும் இனி உங்களால் இயலாது. கிளம்பும் முன்பிருந்தே சில நிமிடங்களுக்கு ஒரு மடக்கு குடித்துக்கொண்டே நடங்கள். தண்ணீர்ப் புட்டியோடு ஒருவர் பக்கத்திலேயே வரட்டும். ரமலான் நோன்பு பற்றிக் கேட்டிருக்கும் வாசகர்களுக்கும் இதே கவலை பொருந்தும். பகல் முழுதும் நீர் இல்லாமல் இருப்பதால், நோன்பு தொடங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

எடை நன்றாகக் குறைந்துவிட்டது, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது. வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

கூடாது. பரிசோதனை சரியாக இருப்பதே மாத்திரைகளால்தான். பி12 குறைபாடு, உடலில் சேமிப்பு தீரும்வரை ஆண்டுக்கணக்கில் மறைந்திருந்து, பிறகு கால் மரத்துப்போவதாக வெளிப்படக்கூடும். கால்சியத்தையும் இரும்புச் சத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தேநீரோடு எடுக்காதீர்கள். தேநீர் அதை உடலில் சேரவிடாது.

என் மனைவிக்கு ஸ்லீவ் செய்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. நான்கு நாட்களாக எதைக் குடித்தாலும் வாந்தி. வயிறு பழகிக்கொள்ளும் என்று காத்திருக்கிறோம். – வாசகர், புக்கிட் பாத்தோக்

இந்தக் கடிதத்துக்கு மட்டும் அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் வேறு யாரும் இருந்தால் அவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்: காத்திருக்க வேண்டாம். வேகமாகச் சாப்பிட்டதால் என்றாவது ஒருமுறை வாந்தி வருவது வேறு. தண்ணீர்கூடத் தங்காமல் நாள்கணக்கில் வாந்தியெடுப்பது வேறு. வெட்டியபின் குழாய்போல் மீந்த இரைப்பை ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். அதைவிட அவசரமானது, உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்து, மூளையையும் நரம்புகளையும் பாதிக்கக்கூடும். கண் பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை தோன்றும் முன்பே போய்விட வேண்டும். அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இன்றே அழைத்துச் செல்லுங்கள். எத்தனை நாட்களாக வாந்தி, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.