மாற்றுக் கிட்னியோடு லெஸ்டரில் பிரசவம்: கோபி அம்மிணிக்குப் பதில்

அம்மிணி, கோயமுத்தூர்ல அம்மா குடுத்த கிட்னி வெச்சு 2 வருஷம், இங்கிலாந்துல லெஸ்டர் வந்து 3 மாசம்னு எழுதியிருந்தீங்க. குழந்தைக்கு எப்ப முயற்சி பண்ணலாம், வளைகாப்பு முடிச்சுட்டுப் பிரசவத்துக்குக் கோபிசெட்டிபாளையத்துக்கே போயிடலாமான்னு கேட்டிருக்கீங்க. ரெண்டாவதுக்கு முதல்ல சொல்லிடறேன்: போக வேண்டாங்க.

முதல் கேள்விக்கு விடை உங்க மாத்திரை டப்பாவுல இருக்குது. பான்கிராஃபும் (அதுல இருக்கற மருந்துதான் டாக்ரோலிமஸ்) பிரெட்னிசொலோனும் கர்ப்பத்துலயும் தொடரும். மைக்கோஃபெனோலேட் மட்டும் கூடவே கூடாது. கரு கலையறது, குழந்தைக்குக் காது சரியா உருவாகாம போறது, உதட்டுப் பிளவு எல்லாம் அந்த மருந்தால வரும். அதுக்காக நீங்களா நிறுத்தினா உடம்பு கிட்னியை எதுக்க ஆரம்பிச்சுடும். டாக்டர் அதுக்குப் பதிலா அசாதயோபிரின் குடுப்பாங்க. முன்னாடியே டிபிஎம்டிங்கற என்சைமுக்கு ரத்தப் பரிசோதனை செய்யணும். அந்த என்சைம் குறைவா இருந்தா வெள்ளணுக்கள் சரிஞ்சுடும். மாத்தினதுக்கப்புறம் குறைஞ்சது 6 வாரம், இங்க வழக்கமா 3 மாசம், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த அளவு) அசையாம நிக்குதான்னு பார்ப்பாங்க. அதுவரைக்கும் கருத்தடையை விடாதீங்க. பிரஷருக்கு டெல்மிசார்டானோ ராமிப்ரிலோ சாப்பிட்டா அதையும் சொல்லுங்க. லாபெட்டலால், நிஃபெடிபின் மாதிரி ஒண்ணுக்கு மாத்துவாங்க.

கிரியேட்டினின் 1.5க்குள்ள, சிறுநீர்ல புரதம் நாளைக்கு 500 மில்லிகிராமுக்குள்ள, பிரஷர் கட்டுக்குள்ள, கடைசி ஒரு வருஷத்துல நிராகரிப்பு இல்லை: இந்த நாலும் சரியா இருந்தா நல்ல நேரம்தான். ஒண்ணு கவனிங்க. ஊர் ரிப்போர்ட்ல 1.2ன்னு இருக்கறது இங்க 106ன்னு வரும். கிட்னி கெடலீங்க, அளவு முறைதான் வேற; 88.4ஆல பெருக்கிப் பாருங்க.

ஜிபி (இங்கத்த குடும்ப டாக்டர்) கிட்ட பதிஞ்சு, மாற்றுச் சிறுநீரகப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்க. கிட்னி டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து பார்க்கற கிளினிக்ல, கர்ப்பத்துக்கு முந்தின ஆலோசனை வேணும்னே கேளுங்க. கோவை டிஸ்சார்ஜ் சம்மரி கையில இருக்கட்டும். பான்கிராஃபுக்குப் பதிலா அடோபோர்ட், புரோகிராஃப்னு இங்கத்த பிராண்ட் ஒண்ணுக்கு மாத்தி, ரத்தத்துல மருந்து அளவு பார்த்து டோஸை நிலைப்படுத்துவாங்க. அதுக்கப்புறம் மருந்துக்கடையில வேற பிராண்ட் குடுத்தா வாங்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுங்க. அளவு பார்க்கற அன்னிக்குக் காலை மாத்திரையைக் கையோட கொண்டு போய், ரத்தம் எடுத்ததுக்கப்புறம் முழுங்குங்க.

கரு தங்கினா 12 வாரத்துலயிருந்து குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் தருவாங்க. டாக்ரோலிமஸ் அளவு ரத்தத்துல இறங்கும். டோஸ் ஏத்துவாங்க, பிரசவமானதும் திரும்பக் குறைக்கணும். அதை மறந்தா மருந்தே கிட்னிக்கு விஷமாயிடும். பிரெட்னிசொலோனும் டாக்ரோலிமஸும் சேர்ந்து சுகரை ஏத்தும், அதனால சுகர் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. மாத்தி வெச்ச கிட்னிக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கறதால சிறுநீர்த் தொற்று வந்தாலும் வலி தெரியாம போகலாம். பிரெட்னிசொலோன் காய்ச்சலையும் மறைக்கும். லேசா உடம்பு சுட்டாலும் அன்னிக்கே போங்க. வலிக்கு புரூஃபென் (இபுபுரூஃபென்) தொடாதீங்க.

இப்ப ஊருக்குப் போறதைப் பத்தி. கிட்னி மாத்தினவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தருக்குக் கர்ப்பகாலப் பிரஷர் நோய் வருது, பாதிப் பேர் அளவுக்கு 37 வாரத்துக்கு முன்னாடியே பிரசவமாகுது. வளைகாப்பு போடற 7ஆம், 9ஆம் மாசம்தான் அதுக்கும் காலம். அந்த நேரத்துல விமானம் ஏறி, டாக்டரையும் பிராண்டையும் ஒரே சமயம் மாத்தறது பெரிய ஆபத்துங்க. வளையலை லெஸ்டர்லயே போட்டுக்கலாம். அம்மாவை விசிட்டர் விசாவுல கூப்பிடுங்க, 6 மாசம் வரைக்கும் இருக்கலாம். அவங்களுக்கு ஒரு கிட்னிதான்னு பயண இன்சூரன்ஸ்ல மறைக்காம எழுதணும்.

அம்மா வெக்கிற செலவு ரசம் (மசாலா சாமான் போட்ட ரசம்), சாப்பாட்டு அளவுல, தாராளமா குடிங்க. பிரசவ லேகியமும் கஷாயமும் ஆஸ்பத்திரி மருந்தாளுநர் பார்க்காம வேண்டாம். பம்ப்ளிமாஸும் கிரேப்ஃப்ரூட்டும் டாக்ரோலிமஸை ஏத்திவிடும், அறவே கூடாது.

கிட்னி இடுப்பெலும்புப் பக்கத்துல இருக்கறதால சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை, சிசேரியன் கட்டாயமில்லீங்க. டாக்ரோலிமஸ், அசாதயோபிரின், பிரெட்னிசொலோன் மூணும் சாப்பிட்டுக்கிட்டே தாய்ப்பால் குடுக்கலாம். பிரெட்னிசொலோன் தினமும் சாப்பிடறதால பிரசவ வலி நேரத்துல ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி வேணும். இதைப் பிரசவக் குறிப்புல எழுதி வெக்கச் சொல்லுங்க. ராத்திரி டியூட்டியில இருக்கறவங்களுக்கு உங்க மருந்து வரலாறு தெரியாது.