சர்ச்சுக்கு முதல் தடவை போறேன், என்ன பண்ணணும்?

கேள்வி: என் கூட வேலை பாக்குற அக்கா ஞாயித்துக்கிழமை அவங்க சிஎஸ்ஐ சர்ச்சுக்கு கூப்பிட்டிருக்காங்க. நாங்க இந்து. உள்ள போய் என்ன பண்ணணும்னே தெரியல, காணிக்கை கட்டாயமா? – பாளையங்கோட்டை வாசகி

பதில்: பயப்படாதீங்க, யாரும் உங்களை எழுப்பி கேள்வி கேக்க மாட்டாங்க. சேலையோ சுடிதாரோ போதும், நிறைய பெண்கள் முந்தானையை தலையில போட்டுக்குவாங்க, ஷால் இருந்தா நீங்களும் போட்டுக்கலாம். செருப்பை வெளிய விடணுமாங்கிறது சர்ச்சுக்கு சர்ச் மாறும், வாசல்ல பாத்தாலே தெரிஞ்சிடும். பல ஊர்ல ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம்னு உக்காருவாங்க, அதனால வீட்டுக்காரரோட போனா முன்னாடியே கேட்டுக்கோங்க.

ஆராதனை ஆரம்பிச்சதும் பாட்டு, ஜெபம், பைபிள் வாசிப்பு, ஐயரோட பிரசங்கம்னு போகும் (நம்ம நெல்லைப் பக்கம் பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம், குழம்பிடாதீங்க), நடுவுல எந்திரி, உக்காரு, முழங்கால் போடுன்னு மாறிக்கிட்டே இருக்கும், பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்து எந்திரிச்சா போதும், முழங்கால் போடலேன்னா சும்மா உக்காந்திருங்க. காணிக்கைப் பை வந்தா விருப்பம் இருந்தா போடுங்க, இல்லன்னா அப்படியே அடுத்தவங்க கிட்ட கொடுத்துடுங்க.

ஒரே ஒரு விஷயம் கவனிங்க. திருவிருந்து இருக்குற நாள்ல அப்பமும் திராட்சரசமும் வாங்க எல்லாரும் முன்னாடி போவாங்க, அது ஞானஸ்நானம் எடுத்து திடப்படுத்தலும் (வளந்தப்புறம் தங்களோட விசுவாசத்தை தாங்களே சபை முன்னாடி உறுதிப்படுத்துற சடங்கு) முடிச்சவங்களுக்கு, கோயில் பிரசாதம் மாதிரி நெனச்சு வரிசையில நின்னுடாதீங்க. இடத்துலயே உக்காந்திருந்தா யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.