தென்னையைக் கொன்றது வௌவாலா, காளானா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பு வரப்பில் இருக்கும் பெரிய புளியமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் அடைகின்றன. அதன் பக்கத்திலேயே இரண்டு தென்னை பட்டுவிட்டது. அடியில் செம்பழுப்பாகக் காளான் முளைத்திருக்கிறது. வௌவால் எச்சம்தான் காரணம் என்கிறார்கள். புளியமரத்தை வெட்டிவிடலாமா?
– ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: வெட்டாதீர்கள். கொன்றது அந்தக் காளான்தான். பெயர் கானோடெர்மா, 1952 புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பக்கம் தெரியவந்ததால் ‘தஞ்சாவூர் வாடல்’ என்கிறோம். நீங்கள் பார்ப்பது வித்து தூவ வெளியே வந்த பாகம் மட்டுமே. உடல் முழுதும் நூலிழையாக வேருக்குள் இருக்கும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினையே கரைத்துத் தின்னும். தூர்ப்பக்கம் செம்பழுப்புச் சாறு கசிந்து, அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும்போதே உள்ளே பாதி போயிருக்கும். வேரோடு வேர் உரசியும், மரத்துக்கு மரம் ஓடும் பாசன நீரிலும் பரவும். எச்சத்துக்கு இதில் பங்கில்லை.

பட்ட மரங்களைத் தூரோடும் வேரோடும் தோண்டி எரியுங்கள். கட்டையை விட்டால் அதுவே அடுத்த மரத்துக்கு விதை. நோய் கண்ட மரத்தைச் சுற்றி 5 அடி தள்ளி, 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் குழி வெட்டுங்கள். வாய்க்கால் பாய்ச்சலை நிறுத்தி, மரத்துக்கு ஒரு வட்டப்பாத்தி போடுங்கள்.

வட்டப்பாத்தியில் மரத்துக்கு 40 லிட்டர் ஒரு சதவீத போர்டோ கலவை என்ற காளான்கொல்லியை ஊற்றுங்கள். மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம்; தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புக் கத்தியை முக்கினால் செம்பு படியக்கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். ஒரு மாதம் கழித்து 50 கிலோ தொழுவுரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 200 கிராம் ட்ரைக்கோடெர்மா போடுங்கள். ட்ரைக்கோடெர்மா நோய்க் காளானை அடக்கும் நல்ல பூஞ்சை; முன்கூட்டியே போட்டால் துத்தத்தின் செம்பு அதைக் கொன்றுவிடும். பலரும் தவறுவது இங்கேதான்.

வௌவால் கூச்சலிடும், நாறும்; அதனால் பழி அதன்மேல் விழுகிறது. ஆனால் பழத்தை மென்று சாற்றைக் குடித்துச் சக்கையைத் துப்பும், விதையைத் தொலைவில் போடும், இலுப்பை, இலவம் பூக்களில் மகரந்தம் சேர்க்கும். முதிய மரங்களின் பொந்துகளும் பெரும்பாலும் மரம் தின்னும் காளான்கள் அரித்தவையே. பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள் அவற்றில் ஒண்டுகின்றன.

சப்போட்டா, கொய்யாவுக்குப் பழந்தின்னி வௌவாலால் நட்டம் உண்டு, வலை கட்டுங்கள். கடித்த பழத்தைத் தின்னாமல் குழியில் புதையுங்கள். 2018இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்ததே, அதன் வைரஸைச் சுமப்பவை இந்த வௌவால்கள்தான். அதற்காகப் புளியமரத்தடியில் வெடி போட்டு விரட்ட வேண்டாம். ஆண்டுக்கு ஒரே குட்டி ஈனும் விலங்கு அது.